பூநகரிப் பெரியவரின் கொட்டைப்பெட்டி

மாரி மழை ஓய்ந்து, வெள்ளம் வற்றி, வயலிலே நெல் முற்றத் தொடங்கும் தை மாதத்திற் பூநகரியைப் பார்க்கவேண்டும் என்பர் அவ்வூரார். அவர் சொற்படியே தை பிறந்து இரண்டாம் வாரத்தில் நாம் புறப்பட்டோம். எம்முடன் வந்தவர் இல்லாளும் மருமகனும். மருமகன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருப்பவன்; ஆகவே ஓய்வு மிக்கவன்.

யாழ்ப்பாணத்திலிருந்து நாவற்குழிச் சந்தியை அடைந்து, வலப்புறம் திரும்பித் தனங்கிளப்பைக் கடந்தால் இருமருங்கும் கடல்நீரேரி விரிகின்றது. கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே முன்னாளில் 'பாதை' ஓடியது. பாதை என்றதும் வீதியென்று எண்ணிவிட வேண்டா. வாகனங்களையும் மாந்தரையும் ஏற்றிச் செல்லும் மிதவையை யாழ்ப்பாணத்தார் அப்பெயராலேயே வழங்கினர். போர்க்காலத்திற் பாதையும் நின்றது, பயணமும் நின்றது. 2011 தை மாதத்திற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே, 288 மீற்றர் நீளமுள்ள அந்தப் பாலத்தின்மீது ஒரு நிமிடத்திற் கடலைக் கடக்கும் பேறு எமக்குக் கிட்டிற்று.

பாலத்தின் நடுவிலே மருமகன் தன் உள்ளக் கிடக்கையை வெளியிட்டான். சீமையிலே சிலர் விடுமுறை நாட்களில் நீண்ட கோலொன்றின் நுனியில் வட்டத் தட்டுப் பொருத்திய கருவியைக் கையிற் பிடித்து, காதிலே கேட்பொறியை மாட்டி, வயல்வெளிகளில் உலாவுகின்றனராம். கருவி 'கீச்' என்றதும் குனிந்து தோண்டுகின்றனராம். பொற்காசும் வெள்ளி மோதிரமும் வருகின்றனவாம். கைத்தொலைபேசியிலே இத்தகைய காட்சிகளை அவன் நாள்தோறும் பார்க்கின்றான்.

"மாமா, பூநகரி எவ்வளவு பழைய ஊர்! அந்தக் கருவி ஒன்று இருந்தால் இங்கே என்னென்ன எடுக்கலாம்?"

அவன் கேட்டதில் ஓர் உண்மை இருந்தது. பூநகரி பழைய ஊர்தான். பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இப்பகுதியை ஊர் ஊராக நடந்து ஆராய்ந்து, 'பூநகரி தொல்பொருளாய்வு' என்னும் நூலை 1993 இல் வெளியிட்டார். கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களும், பிராமி எழுத்துப் பொறித்த ஓட்டுத் துண்டுகளும், பல காலத்துக் காசுகளும் இம்மண்ணிற் கிடைத்தன. ஓட்டுத் துண்டுகளிற் காணப்பட்ட பெயர்களுள் 'வேள்' என்னும் குலப்பெயரும் ஒன்று. அவ்வெழுத்துக்கு ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வயது சொல்வர். மொட்டைக்கறுப்பன் அரிசிக்காகவே பூநகரியை அறிந்த எம்மவர் பலர் இச்செய்தியை அறியார்.

ஆயினும் கருவியைப் பற்றிய அவன் எண்ணத்துக்கு உடனே மறுமொழி கூறாமல், முதலிற் கோட்டையைக் காட்டினோம். போர்த்துக்கேயர் கட்ட, ஒல்லாந்தர் 1770 அளவிற் பெருப்பித்தது அது. ஏறத்தாழ முப்பது மீற்றர் பக்கமுள்ள சதுரம்; எதிரெதிர் மூலைகளில் இரண்டே கொத்தளங்கள். யாழ்ப்பாணக் கோட்டையைக் கண்டவருக்கு இது சிறுபிள்ளை விளையாட்டுப்போல் தோன்றும். ஆனால் யாழ்ப்பாணத்தின் தெற்கு வாயிலை இவ்வளவு சிறிய காவலனே காத்து நின்றான். ஆங்கிலேயர் பின்னர் இதற்குள் வழிப்போக்கர் தங்குமடம் வைத்திருந்தனர். 1993 நவம்பரில் இங்கிருந்த படைத்தளத்தின்மீது பெருஞ்சமர் நடந்தது. 2008 நவம்பரிற் படையினர் ஊரை மீண்டும் கைப்பற்றினர். அதற்கு முன்னரே ஊர் மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் கிழக்கு நோக்கிப் போய்விட்டனர்.

கோட்டை வாசலிலே அவனுக்கு மறுமொழி சொன்னோம். வன்னியிலே உலோகம் காட்டும் கருவி பொழுதுபோக்குப் பொருளன்று. போர் முடிந்து பல ஆண்டுகள் இவ்வீதியோரங்களில் மண்டையோடு எழுதிய சிவப்புப் பலகைகள் நின்றன. அப்பலகைகளுக்கு அப்பால் முழங்காலிட்டு, முகத்திலே கண்ணாடிக் கவசமும் மார்பிலே பாரமான அங்கியும் தரித்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்தவரே இங்கு அக்கருவியைப் பிடித்தவர். அவருட் பெண்கள் பலர். போரிலே கணவனை இழந்தவரும் உளர். 'ஹலோ டிரஸ்ட்' முதலிய நிறுவனங்கள் 2002 தொட்டு இப்பணியைச் செய்து வருகின்றன. இங்குப் புதைக்கப்பட்ட மிதிவெடிகளிற் பல பிளாஸ்டிக்கினால் ஆனவை. சில மரப்பெட்டியாற் செய்தவை. அவற்றுள் இருக்கும் உலோகம் மிகச் சிறிது. ஆகவே ஓர் ஆணி கிடந்தாலும், மிட்டாய்த் தாள் கிடந்தாலும், அது வெடியே என்று எண்ணிப் பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்ட வேண்டும். ஒலி கேட்ட இடத்திற் களிப்போடு மண்வெட்டியை ஓங்குவார் சீமையில் இருக்கலாம். வன்னியில் இருத்தல் ஆகாது.

கருவியின் வரலாறும் இதற்கு இயைந்ததே. 1881 இல் அமெரிக்க அதிபர் காபீல்ட் சுடப்பட்டபோது, உடலுள் மறைந்த குண்டைக் காண்பதற்குத் தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல்லே ஒரு கருவி அமைத்தார். சுருள் கம்பியில் மின்சாரத்தை ஓட்டினால் காந்தப்புலம் பிறக்கும்; அருகே உலோகம் இருப்பின் அப்புலம் குழம்பும்; குழப்பம் ஒலியாகக் கேட்கும். ஆனால் அதிபர் படுத்திருந்த மெத்தையிலே எஃகுச் சுருள்கள் இருந்தமையால் கருவி எங்கும் ஒலித்ததாம்! குண்டு அகப்படவில்லை, அதிபரும் பிழைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரிலே போலந்து நாட்டுப் பொறியியலாளர் கோசாட்ஸ்கி சமைத்த கருவி, 1942 இல் எல் அலமெயின் பாலைவனத்தில் மிதிவெடி தேட உதவியது. போர் முடிந்து எஞ்சிய கருவிகள் மலிவாக விலைப்பட்ட பின்னரே அது பொழுதுபோக்காயிற்று.

மருமகன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் சும்மா பார்த்துக்கொண்டாவது நடப்போம்" என்றான். அது தவறன்று. வாடியடியிலிருந்து மேற்கே சென்று, கௌதாரிமுனை வெண்மணற் குன்றுகளையும், மண்ணித்தலையிலே சோழர் காலக் கலைமரபைச் சார்ந்ததென அறிஞர் கூறும் சிவாலயத்தையும் கண்டோம். மணலிலே ஓட்டுத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. பார்த்தோம், படம் பிடித்தோம், எடுக்கவில்லை. மாரிக்காற்று மணலை அரிக்கும்போதெல்லாம் இம்மண் ஏதேனும் ஒன்றைத் தானாகவே வெளியே தள்ளுகின்றது. அதற்குக் கருவி வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் தண்ணீர் கேட்டு ஒரு வளவுக்குட் புகுந்தோம். அங்கேதான் இக்கட்டுரைக்கு உரிய பொருள் எமக்குக் கிட்டியது.

வீட்டுக்காரர் எண்பதை அணுகிய பெரியவர். தண்ணீர் கேட்டவர்க்கு மோர் தந்தார். நாம் மண்ணித்தலையிலிருந்து வருகின்றோம் என்றதும் உள்ளே சென்று, நிறம் கறுத்த கொட்டைப்பெட்டி ஒன்றைக் கொணர்ந்தார். பனையோலையாற் பின்னிய இந்தச் சிறு பணப்பையை இன்றைய பிள்ளைகள் கண்டிரார். அதைத் தலைகீழாகச் சாக்கின்மேற் கவிழ்த்தார்.

"ஊரிலை கிடந்ததுகள். இதுகள் என்ன பெறும், தம்பி?"

செட்டிகுளம் முகாம்வரை இடுப்பிலேயே சென்று மீண்ட பெட்டி அது என்பதைப் பின்னர் அறிந்தோம். ஏழு பொருள்கள் சாக்கின்மேற் கிடந்தன. ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம்.

முதலாவது எளிது. ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை, மறுபக்கம் நெடிய தாலவிருட்சம். 1870 ஆம் ஆண்டுச் சதம். அடுத்ததில் யானை நின்றது. மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் பெயரால் வெளியிட்ட செப்புக் காசு, ஆண்டு 1815. இக்காசைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. இலங்கையின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940 இல் எழுதப்பட்டபோது, 1815 மார்ச் 2 ஆம் தேதிக்கு முற்பட்டதையே தொல்பொருள் என வரையறுத்தது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்ட நாள் அது. "அப்படியானால் இந்த யானை மார்ச்சுக்கு முதல் பிறந்ததா, பிறகு பிறந்ததா?" என்று மருமகன் கேட்டான். யானைக்கே வெளிச்சம்.

மூன்றாவது காசு பளபளத்தது. பளபளப்புக் கண்டே எமக்கு வருத்தம் உண்டாயிற்று. பெரியவரின் மனைவியார் இருந்த காலத்திற் குத்துவிளக்கோடு சேர்த்து இதையும் புளியும் சாம்பலும் இட்டு விளக்கினாராம். செம்பின் மேற்படும் பச்சைப் படலம் அழுக்கன்று; அதுவே எழுத்தைக் காக்கும் தோல். தோலை உரித்த பின் எஞ்சியது தடித்த வட்டமும், பெரிய 'வீ' எழுத்தின் இரு கைகளிலும் 'ஓ'வும் 'சீ'யும் கோத்த முத்திரையின் நிழலுமே. ஒல்லாந்தக் கம்பனியின் குறி. மேலே ஒற்றைக் கோடொன்றை விரலாலே தடவி அறிந்தோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையிலே அடித்த காசுகளிற் கொழும்புக்கு 'சீ', காலிக்கு 'ஜீ', திருகோணமலைக்கு 'டீ' என்றும், யாழ்ப்பாணத்துக்கு 'ஐ' என்றும் ஒல்லாந்தர் எழுத்துப் பொறித்தனர். கோடு அந்த 'ஐ' ஆக இருக்கலாம். புளிக்குத் தப்பிய கீறலாகவும் இருக்கலாம்.

நான்காவதை எடுத்ததும் எம் நெஞ்சு சற்று வேகமாக அடித்தது. ஒரு பக்கத்தில் நிற்கும் மனிதவுரு. மறுபக்கத்தில் மடித்த காலோடு படுத்திருக்கும் இடபம், மேலே பிறை, கீழே தமிழிலே 'சேது'. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு! ஒரு காலத்தில் இவற்றை இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசுகள் என்று எண்ணினர். சுவாமி ஞானப்பிரகாசர் 1920 இல் எழுதிய கட்டுரையில் இவை யாழ்ப்பாண மன்னருடையவை என வாதித்தார். முதலியார் இராசநாயகமும் அக்கொள்கையை வலியுறுத்தினார். சேது என்னும் சொல் இரு திறத்தார்க்கும் உரியது, இடபமும் அவ்வாறே. காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் வழக்குத் தீராது. எந்த மண்ணில் இவை மிகுதியாகக் கிடைக்கின்றன என்பதே பெரிய சாட்சி.

"ஐயா, இது எங்கே எடுத்தது?"

பெரியவர் தலையை அசைத்தார். "தெரியேல்லை. கனகாலம்."

ஐந்தாவது பொருள் காசன்று. விரல் நீளச் செப்புக் கோல், இரு முனையும் சிறிது பருத்தது. ஆணி என்று மருமகன் ஒதுக்கினான். ஆனால் யாழ்ப்பாணத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்த போல் பீரிஸ், கந்தரோடையிலே 1917 ஐ அடுத்த ஆண்டுகளில் இத்தகைய கோல்கள் பலவற்றைத் திரட்டி, இவை பண்டை மகளிர் கண்ணுக்கு மை தீட்டிய கோல்கள் என்று அடையாளங் கண்டார். இதுவும் அவ்வாறானதா? ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய அழகியொருத்தியின் கையில் இருந்ததா, அல்லது உடைந்த தூங்குவிளக்கின் கம்பியா? பக்கத்திலே என்ன கிடந்தது என்று தெரிந்தாற் சொல்லலாம். இதற்கும் பெரியவர் தலையையே அசைத்தார்.

ஆனைக்கோட்டையிலே கிடைத்த வெண்கல முத்திரை எமது நினைவுக்கு வந்தது. 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றில், எலும்புக்கூட்டின் அருகே கிடந்தது அச்சிறு பொருள். மேல்வரியிற் குறியீடுகள், கீழ்வரியிற் பிராமி எழுத்து. 'கோவேத' என்று வாசித்தனர். அரசனோ தலைவனோ ஒருவனுடையது என்று கருத இடம் உண்டாயிற்று. அதே முத்திரையை ஒருவர் கருவி கொண்டு தோண்டி எடுத்துச் சட்டைப்பையில் இட்டிருப்பின், எலும்புக்கூடும் மட்கலங்களும் அறியப்படாமற் போயிருக்கும். முத்திரை விலைக்கு வந்த செப்புத் துண்டாக நின்றிருக்கும்.

ஆறாவது பொருள் சுண்டுவிரல் நகத்தளவு. பாசி பிடித்த பாக்குச் சீவல் என்றே முதலில் எண்ணினோம். வெயிலிலே சாய்த்துப் பிடித்தபோது வலப்புறம் நோக்கிய முகமும், முடியைச் சுற்றிய மணிப் பட்டமும் தெரிந்தன. உரோமச் செப்புக் காசு. அல்லது அதைப் பார்த்து இங்குள்ளோர் வார்த்த போலி. கி.பி. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளுக்குரிய இத்தகைய காசுகள் இலங்கையின் பல பகுதிகளிலும் கிடைக்கின்றன.

இவ்விடத்தில் வாசகரைச் சிறிது கடல் கடந்து அழைத்துச் செல்ல வேண்டும். இங்கிலாந்திலே சஃபோக் மாவட்டத்தில் ஹொக்சன் என்றொரு கிராமம். 1992 நவம்பர் 16 ஆம் தேதி, எரிக் லோஸ் என்னும் ஓய்வுபெற்ற தோட்டக்காரர், நண்பர் வயலிலே தொலைத்த சுத்தியலைத் தேடிக் கருவியுடன் சென்றார். சுத்தியலுக்கு முன் பொன்னும் வெள்ளியும் அகப்பட்டன. அவர் செய்த பெருஞ்செயல் யாதெனில், தோண்டுவதை நிறுத்தியமை. உரியவர்க்கு அறிவித்தார், மறுநாள் ஆய்வாளர் வந்து முறைப்படி அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 உரோமக் காசுகள்; இருநூறளவான நகைகளும் பாத்திரங்களும். இருந்தபடியே அகழ்ந்தமையால், அவை ஒரு மரப்பெட்டியுள் அடுக்கப்பட்டமையும், உள்ளே சிறு பெட்டிகளுக்கு வெள்ளிப் பூட்டுகள் இருந்தமையும் தெரிய வந்தன. நண்பரின் சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இன்று பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றது!

அப்புதையலிலே வெள்ளியாற் செய்த சீமாட்டி ஒருத்தியின் சிற்றுருவம் உண்டு. பொம்மையோ தெய்வமோ என மயங்கத்தக்கது. ஆனால் அடியிலே சுழலும் தட்டு, தட்டிலே துளைகள். ஒருபுறம் திருப்பினால் நிரப்பலாம், மறுபுறம் திருப்பினால் தூவலாம், இன்னும் திருப்பினால் மூடலாம். அது மிளகுப் பாத்திரம். மிளகு அவர் நாட்டில் விளையுமா? சேரநாட்டு மலைச்சாரலிலிருந்து கப்பலேறிப் போனது. அந்த மிளகுப் பாத்திரத்தைப் புதைத்தவர் வாழ்ந்த காலத்தை ஒட்டியதே பெரியவரின் சாக்கிலே கிடந்த நகத்தளவு காசும். அங்கே மிளகு போயிற்று. இங்கே காசு வந்தது. எந்தத் துறையில், எவர் கை மாறி?

"இதாவது எங்கே எடுத்தது என்று நினைவிருக்கிறதா, ஐயா?"

இம்முறை பெரியவர் எழுந்தார். "உது தெரியும். வாருங்கோ." வளவின் வடக்கு வேலிக்கு எம்மை அழைத்துச் சென்றார். இரண்டாம் பனைக்கும் மூன்றாம் பனைக்கும் இடையே, கதியால் நடக் குழி தோண்டியபோது முழங்கை ஆழத்திற் கிடைத்ததாம். கூடவே உள்ளே கறுத்து வெளியே சிவந்த ஓடுகளும் கிடந்தன என்றார். குழியை அப்படியே மூடிக் கதியாலை வேறிடத்தில் நட்டாராம். ஏன் என்று கேட்டோம். "ஆற்றையோ அடுப்படி போலை கிடந்தது. ஏன் கிளறுவான்?"

மருமகன் தன் குறிப்பேட்டை எடுத்து வேலியையும் பனைகளையும் வரைந்து, அடி அளந்து எழுதினான். அவனிடம் அதுவரை காணாத ஊக்கம் அது.

சாக்கின்மேல் ஏழாவது பொருள் எஞ்சியிருந்தது. பித்தளை வட்டம், விளிம்பிலே எழுத்தும் இலக்கமும், நடுவிலே சிறு குழி. "மாமா, இது எந்த நாட்டுக் காசு?" என்று மருமகன் அதை உயர்த்திப் பிடித்தான். நாமும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோக்கினோம்.

பெரியவர் அதை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கினார். "காசில்லை, ராசா. தோட்டாவின்ரை அடி. வேலிக்கரையிலை பேரன் எடுத்தவன். உனக்குத் தெரியேல்லை. நல்லது."

மருமகன் பிறந்தது 2010 இல்.

விடைபெறுமுன் செய்ய வேண்டியதைச் சொன்னோம். நிலத்தில் மறைந்துள்ள தொல்பொருள் அரசுடைமை. அனுமதியின்றித் தோண்டுதல் குற்றம். கண்டெடுத்ததைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். இங்கிலாந்திலே 1996 இல் இயற்றிய புதையற் சட்டத்தின்படி கண்டெடுத்தவருக்கும் நிலத்தாருக்கும் வெகுமதி உண்டு. எம் நாட்டு முறை வேறு. விலை என்ன என்ற கேள்விக்கு எம்மிடம் விடை இல்லை என்றும் கூறினோம். பெரியவர் வருந்தியவராகத் தோன்றவில்லை. யாழ்ப்பாணம் போகும்போது கொண்டுசென்று காட்டுவதாகவும், வடக்கு வேலியை வந்து பார்ப்பதென்றால் எவரும் வரலாம் என்றும் சொன்னார்.

படலையைக் கடந்து வாகனத்தில் ஏறும் வேளையிற் பின்னாலிருந்து குரல் வந்தது. பெரியவர் கையை உயர்த்தியபடி மெல்ல நடந்து வந்தார்.

"தம்பி, அந்த மாடு படுத்த காசு... அது என்ரை மூத்தவள் எடுத்தது. பள்ளிக்கூடத்தாலை வரேக்கை. எந்த இடம் எண்டு அவளைத்தான் கேக்க வேணும்."

மருமகன் குறிப்பேட்டைத் திறந்து, "அக்கா எங்கே இருக்கிறா, அப்பு?" என்று கேட்டுவிட்டான். பெரியவர் கிழக்குத் திசையைப் பார்த்தார். பின்னர் கொட்டைப்பெட்டியை மூடி இடுப்பிற் செருகிக்கொண்டார். இல்லாள் மருமகனின் கையைத் தொட்டாள். அவன் எழுதுகோலை எடுத்த சட்டைப்பையிலேயே வைத்தான்.

சங்குப்பிட்டிப் பாலத்தை அடையும்போது நீரேரி சிவந்திருந்தது. சேதுக் காசுக்குரிய பக்கத்தில் இடபத்தை மட்டும் வரைந்து, கீழே இடத்தை வெறுமையாக விட்டிருந்தான் மருமகன்.